தையல் பிரிக்கும் நாள்வரை: கட்டி அகற்றப்பட்ட பூனையை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

நாய்க்கு வலித்தால் முனகும். குழந்தைக்கு வலித்தால் அழும். பூனைக்கு வலித்தால் அது சோபாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். காட்டில் பூனை சிறு உயிர்களை வேட்டையாடும். அதேவேளை பெரிய விலங்குகளுக்கு அதுவே இரை. பலவீனத்தை வெளியில் காட்டினால் உயிர் போய்விடும் என்பது அதன் இயல்பிலேயே பதிந்துவிட்டது. வீவக வீட்டின் பத்தாவது மாடியில், குளிர்சாதன அறையில், மெத்தைமேல் தூங்கும் பூனைக்கும் அந்த இயல்பு மாறுவதில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பூனையைக் கவனிப்பதில் உள்ள சிரமமே இதுதான். தோலில் உள்ள ஒரு சிறு கட்டியை அகற்ற மருத்துவருக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படாது. ஆனால் தையல் பிரிக்கும்வரை ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாள்கள் அந்தப் பூனை வீட்டாரின் பொறுப்பில் இருக்கிறது. பெற்றோர் வேலைக்குப் போய்விட்டால், பிற்பகலில் பள்ளியிலிருந்து திரும்பி அதைப் பார்க்கும் முதல் ஆள் பெரும்பாலும் நீங்கள்தான். பூனை வேண்டும் என்று அடம்பிடித்ததும் நீங்களாகத்தான் இருக்கும்.

சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம். நுண்சில்லு பொருத்தி உரிமமும் பெறவேண்டும். முன்பு விதிக்குப் பயந்து மறைத்து வளர்த்தவர்களும் இப்போது தயக்கமின்றிக் கால்நடை மருத்துவரிடம் போக முடிகிறது. பூனைகளுக்கு வயது கூடக்கூட, தோலில் கட்டி தென்படும் வாய்ப்பும் கூடும்.

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் சுக்கு. இஞ்சி நிறம், ஒன்பது வயது. முடி சீவும்போது அதன் கழுத்தின் இடப்பக்கத்தில் பட்டாணி அளவில் ஏதோ விரலில் தட்டுப்பட்டது. அழுத்திப் பார்க்கத்தான் கை போகும். அதைச் செய்யக்கூடாது என்று மருத்துவர் சொன்னார். பூனையின் தோலில் வரும் சிலவகைக் கட்டிகளில் ஹிஸ்டமின் நிறைந்த உயிரணுக்கள் இருக்கும். பிசைந்தால் அந்த ஹிஸ்டமின் வெளியேறி, சுற்றியுள்ள இடம் சிவந்து வீங்கிவிடும்.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. வெளியே போய்ச் சண்டையிடும் பூனைக்குக் கடிபட்ட இடத்தில் சீழ்க்கட்டி வரலாம், நீர்க்கட்டியாகவும் இருக்கலாம். ஆனால் நாய்களோடு ஒப்பிடும்போது, பூனைகளின் தோலில் வரும் கட்டிகள் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வெள்ளைப் பூனைகளின் காது நுனியிலும் மூக்கிலும் வெயிலால் ஒருவகைத் தோல் புற்றுநோய் வரும். ஆண்டு முழுவதும் வெயிலடிக்கும் நம் ஊரில் சன்னல் ஓரமே கதி என்று கிடக்கும் வெள்ளைப் பூனை வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

மருத்துவர் முதலில் மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில உயிரணுக்களை எடுத்துப் பார்ப்பார். சில நேரம் அதிலேயே விடை கிடைக்கும். சுக்குவுக்குக் கிடைக்கவில்லை. கட்டியை அகற்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று முடிவானது.

இங்கேதான் பல வீடுகளில் விவாதம் தொடங்கும். எங்கள் வீட்டிலும் தொடங்கியது. “கட்டியத்தான் எடுத்தாச்சே, அப்புறம் அதுக்கு எதுக்குத் தனியா ஒரு பரிசோதனை?” என்றார் அம்மா. ஆய்வுக்கூடக் கட்டணம் தனி. அறுவை சிகிச்சைக் கட்டணத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது மலைப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அதை மிச்சப்படுத்தக் கூடாது என்பதே என் கருத்து. வெளியே எடுத்த கட்டியை வெறும் கண்ணால் பார்த்து அது எந்த வகை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஃபார்மலினில் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். அந்த அறிக்கை இரண்டு கேள்விகளுக்கு விடை தரும். அது என்ன கட்டி என்பது ஒன்று. வெட்டிய ஓரங்களில் கட்டியின் உயிரணுக்கள் மிச்சம் இருக்கின்றனவா என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் போனால், கட்டி மீண்டும் வளரும்போதுதான் தெரியவரும். அறுவை சிகிச்சைக்கு முன்பே ஆய்வுக்கூடக் கட்டணத்தையும் சேர்த்து மொத்தச் செலவை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் கணக்கு இருந்தால் வீட்டில் பேசுவது எளிது.

முதல் இரவு

ரயிலிலும் பேருந்திலும் செல்லப்பிராணிகளை ஏற்ற முடியாது என்பதால், அவற்றை ஏற்றும் வாடகைக் காரை முன்கூட்டியே பதிவுசெய்துவிடுங்கள். கூண்டுக்குள் பூனைக்குப் பழகிய ஒரு துண்டை விரித்து வையுங்கள்.

மயக்க மருந்து தெளிந்துவரும் பூனையைப் பார்த்துப் பலர் பயந்துவிடுவார்கள். கண்மணி அகல விரிந்திருக்கும். நடை தள்ளாடும். சுவரையே வெறித்துப் பார்க்கும், அல்லது காரணமே இல்லாமல் குழைந்து குழைந்து காலைச் சுற்றும். வலிக்காகக் கொடுத்த மருந்தால் இப்படி நடக்கலாம். மயக்கத்தின்போது தொண்டையில் குழாய் வைத்திருந்தால் ஓரிரு நாள் லேசாக இருமவும் கூடும். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தெளிந்துவிடும். அதற்குப் பிறகும் எழுந்திருக்காமல் கிடந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ காத்திருக்கவேண்டாம், உடனே மருத்துவரை அழையுங்கள்.

அன்றிரவு பூனையை ஒரே அறையில் வைத்திருப்பது நல்லது. படுக்கையறை போதும். சாமான் அடுக்கிய சிற்றறை வேண்டாம், காற்றோட்டம் இருக்காது. மயக்க மருந்தால் உடல் வெப்பம் இறங்கியிருக்கும் என்பதால் குளிர்சாதனத்தை அணைத்துவிடுங்கள், அல்லது குளிரைக் குறைத்து வையுங்கள். வெந்நீர்ப் பையைப் பக்கத்தில் வைப்பதும் ஆபத்து. தள்ளாடும் பூனையால் சூட்டிலிருந்து நகர முடியாமல் போகலாம். மெத்தை, சன்னல் திட்டு, அலமாரி மேல்தட்டு எதிலும் ஏறவிடாதீர்கள். தரையிலேயே படுக்கை போட்டு, நீங்களும் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வதுதான் எளிய வழி.

கோனைக் கழற்றாதீர்கள்

பூனையின் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பை எல்லாரும் கோன் என்றே சொல்கிறார்கள். அதை மாட்டியதும் பூனை பின்னோக்கி நடக்கும், கதவில் இடிக்கும், பரிதாபமாக நம்மைப் பார்க்கும். ‘பாவம், ராத்திரிக்கு மட்டும் கழற்றிவிடலாம்’ என்று தோன்றும். எல்லாரும் தூங்கும் அந்த இரவில்தான் தையல் பிரியும்.

காரணம் பூனையின் நாக்கு. அதன்மேல் பின்னோக்கி வளைந்த நூற்றுக்கணக்கான சிறு முட்கள் உள்ளன. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை அவை. அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2018ல் வெளியிட்ட ஆய்வு, அந்த முட்களின் நுனி குழிந்திருப்பதையும், அந்தக் குழிக்குள் எச்சில் ஏறி முடியின் அடிவரை போய்ச் சேர்வதையும் காட்டியது. முடியைச் சுத்தம் செய்ய அற்புதமான கருவி. ஆனால் தையல் போட்ட தோலைப் பொறுத்தவரை, அது ஈரமான உப்புத்தாள். வாயில் உள்ள கிருமிகளும் சேர்ந்தே உள்ளே போகும். விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ கால்வாசியைப் பூனை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கிறது என்பதால், ‘ஒருமுறைதானே நக்கும்’ என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

கோன் மூக்கு நுனியைத் தாண்டிச் சற்று நீண்டிருக்கவேண்டும். கழுத்துக்கும் பட்டைக்கும் இடையில் இரண்டு விரல் நுழையும் அளவு இடம் இருந்தால் போதும். ஆழமான கிண்ணத்தில் கோன் முட்டும். தட்டையான தட்டில் சாப்பாடு வைத்தால் நக்கி எடுத்துக்கொள்ளும். மணல் தட்டுக்கு மூடி இருந்தால் கழற்றிவிடுங்கள். உடலின் நடுப்பகுதியில் காயம் என்றால், துணியாலான அறுவை சிகிச்சை உடுப்பு சில பூனைகளுக்குக் கோனைவிட ஒத்துப்போகும். மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். சுக்குவுக்குக் கழுத்தில் காயம் என்பதால் வாய் எட்டாது, ஆனால் பின்காலால் சொறிந்துவிடும். அதற்கும் கோன்தான் தடுப்பு.

வலிக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பூனை உறுமியபடி உட்கார்ந்திருந்தால் அது சந்தோஷமாக இருக்கிறது என்று நம்பவேண்டாம். வலியிலும் பூனை உறுமும். முகத்தைத்தான் படிக்கவேண்டும், அதைப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

கனடாவின் மொன்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ல் பூனையின் முகத்தை வைத்து வலியை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். ஐந்து இடங்களைப் பார்க்கவேண்டும்: காது, கண், வாய்ப்பகுதி, மீசை, தலை. வலியில்லாத பூனையின் காது நிமிர்ந்து முன்னோக்கி இருக்கும். வலி கூடினால் காதுகள் விலகித் தட்டையாகி வெளிப்புறம் திரும்பும். கண்கள் இடுங்கும். வாயைச் சுற்றியுள்ள பகுதி வட்டமாகத் தளர்ந்திருப்பதற்குப் பதிலாக இறுகி நீள்வட்டமாகும். வளைந்து தொங்கும் மீசை விறைத்து நேராகும். தோளுக்கு மேலே நிமிர்ந்திருக்கவேண்டிய தலை தோளுக்குக் கீழே தாழும்.

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி, மொத்தம் 10. நான்கு அல்லது அதற்கு மேல் வந்தால் வலி நிவாரணி தேவைப்படலாம் என்று பொருள், மருத்துவரை அழைக்கவேண்டும். பூனை விழித்து அமைதியாக இருக்கும்போது மட்டுமே புள்ளி போடவேண்டும். தூங்கும்போதும், சாப்பிடும்போதும், கத்தும்போதும் போட்டால் கணக்கு தவறிவிடும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்முன் ஒன்று, திரும்பிய பிறகு ஒன்று, படுக்கும்முன் ஒன்று என்று குறித்து வாருங்கள். ‘பூனை ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்று தொலைபேசியில் சொல்வதற்கும் ‘நேற்று இரண்டு, இன்று ஐந்து’ என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இழுப்பறையில் இருக்கும் ஆபத்து

வலி என்று தெரிந்துவிட்டது. மருந்தகம் மூடிவிட்டது. வீட்டு இழுப்பறையில் பனடோல் இருக்கிறது. ‘கால் மாத்திரைதானே, குழந்தைக்கே கொடுக்கிறோம்’ என்ற எண்ணம் வரும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: பனடோலில் உள்ள பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

ஒரு சாதாரண மாத்திரையில் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் இருக்கிறது. நான்கு கிலோகிராம் எடையுள்ள பூனைக்குக் கால் மாத்திரை கொடுத்தால், கிலோவுக்கு 31 மில்லிகிராம் ஆகிறது. கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே பூனைகளுக்கு நஞ்சேறியது பதிவாகியுள்ளது.

காரணத்தை உயிரியல் மாணவர்கள் ரசிப்பார்கள். நம் கல்லீரல் பாரசிட்டமாலின் பெரும்பகுதியோடு குளுக்குரோனிக் அமிலத்தை இணைத்து, நீரில் கரையும் பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அதற்கு உதவும் நொதிகளில் ஒன்றை உருவாக்கும் யுஜிடி1ஏ6 என்ற மரபணு பூனையில் பழுதடைந்து, வெறும் எச்சமாக நிற்கிறது. தாவரங்களில் உள்ள நச்சுப் பொருள்களை முறிக்கவேண்டிய தேவை இறைச்சி மட்டுமே உண்ணும் விலங்குக்கு அதிகம் இல்லை. விளைவு, மருந்து வேறு பாதையில் உடைந்து நச்சாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. இரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். முகமும் பாதங்களும் வீங்கும். வீட்டில் யாராவது தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே 24 மணி நேர விலங்கு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மாற்று மருந்து உண்டு. நேரம்தான் முக்கியம்.

ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற நம் மருந்துகளையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. பூனைக்கென்றே மருத்துவர் எழுதித்தரும் மெலோக்ஸிகாமிலும் அளவு முக்கியம். அதைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் பூனைகளுக்குச் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்று 2010ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை சேர்த்தது. எழுதித்தந்த அளவு, எழுதித்தந்த நாள்கள், அதோடு சரி. பூனை சாப்பிடாமல் இருந்தாலோ வாந்தி எடுத்தாலோ அடுத்த வேளையைக் கொடுக்கும்முன் மருத்துவரைக் கேளுங்கள். பழைய நாய்க்கு வாங்கிய மருந்து மிச்சம் இருக்கிறதே என்று எடுக்கவே வேண்டாம்.

அடுத்து, பாட்டி. “கொஞ்சம் மஞ்சள் குழைச்சுப் பூசுய்யா, ரெண்டே நாள்ல காஞ்சிடும்” என்று பாட்டி சொன்னபோது அவர் முகத்தில் இருந்த அக்கறையைப் பார்த்து மறுப்பதற்கே மனம் வரவில்லை. நம் முழங்கால் சிராய்ப்புக்கெல்லாம் அந்த மஞ்சள்தான் மருந்து. ஆனால் சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டது அல்ல. நூலால் இழுத்துத் தைத்த காயத்தில் தூள் ஒட்டினால், அதைத் தேய்த்துக் கழுவவும் முடியாது. சிவந்திருக்கிறதா, சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது. “மஞ்சள் பூசினா காயம் கண்ணுக்குத் தெரியாது பாட்டி, டாக்டர் தினமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காரு” என்றதும் அவர் ஏற்றுக்கொண்டார். பெரியவர்களிடம் ‘அது தப்பு’ என்று சொல்வதைவிட, மருத்துவர் என்ன கேட்டார் என்று சொல்வது சுலபம்.

டெட்டால், கோடாலித் தைலம், டைகர் பாம் இவற்றுக்கும் இடமில்லை. டெட்டாலில் உள்ள ஃபீனால் வகைப் பொருளையும், தைலங்களில் உள்ள கற்பூரம், மெந்தால், யூக்கலிப்டஸ் போன்றவற்றையும் பூனையின் கல்லீரலால் சரிவரக் கையாள முடியாது. பாட்டி தன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தால்கூட, பூனையை மடியில் எடுக்கும்முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். நறுமண எண்ணெயைப் புகையாகப் பரப்பும் கருவி வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்திவையுங்கள். தையல் போட்ட இடத்துக்குத் தேவையானது ஒன்றுமில்லை. காயாத காயத்தில் தண்ணீர்கூடப் படவேண்டாம்.

சாப்பாடும் மணலும்

முதல் இரவில் கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும். மறுநாள் ஓரளவு சாப்பிடவேண்டும். ‘பசித்தால் தானாகச் சாப்பிடும்’ என்று விடக்கூடாத விலங்கு பூனை. இரண்டு மூன்று நாள்கள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால், உடலில் உள்ள கொழுப்பு மொத்தமாகக் கல்லீரலில் போய்ச் சேர்ந்து கல்லீரலே செயலிழக்கக்கூடும். குண்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பூனை ருசியைவிட வாசனையை நம்பிச் சாப்பிடும். டின் உணவை லேசாகச் சூடாக்கினாலே போதும், வாசனை எழும். உப்பில்லாமல் வேகவைத்த கோழி கொடுக்கலாம். குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய கோழி கொடுக்கக்கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. கழுவினாலும் சாறு இறைச்சிக்குள் இறங்கியிருக்கும்.

மணலுக்குப் பதில் சில நாள்களுக்குத் தாளைக் கிழித்துப் போடுவது நல்லது. தூளாகும் மணல் ஈரக் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த நாளிதழே அதற்குப் பொருத்தமாக இருக்கும். இந்தப் பக்கத்தை மட்டும் கடைசியாகக் கிழியுங்கள்.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் அது சிகிச்சை முடிந்து வந்ததைப் பார்த்துச் சீறலாம். கோபமில்லை; மருந்தக வாசனையால் அடையாளம் தெரியவில்லை. இரண்டையும் ஓரிரு நாள் தனித்தனியே வைத்து, இருவருடைய துண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

ஐந்தாம் நாள்

பலர் நினைப்பதற்கு மாறாக, முதல் மூன்று நாள்களைவிட ஐந்தாம் ஆறாம் நாள்தான் கவலைக்குரியது. முதல் நாள்களில் பூனையே அடங்கிக் கிடக்கும். காயத்தைச் சுற்றி லேசான சிவப்பும் கன்றலும் இருக்கும், அது இயல்பு. வலி குறைந்ததும் அதற்குப் பழைய துடிப்பு வந்துவிடும். உள்ளே தோல் இன்னும் முழுமையாக ஒட்டியிருக்காது, அரிப்பும் தொடங்கியிருக்கும். குளிர்பதனப் பெட்டியின் மேல் ஏறிக் குதிக்கத் தோன்றும் நாள் அது. வீட்டாருக்கும் அலுப்புத் தட்டி, ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று கோனைக் கழற்றும் நாளும் அதுவே.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், காயத்துக்குப் பக்கத்தில் அடிக்கோலைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். நேற்றைய படத்தோடு ஒப்பிடும்போதுதான் வீக்கம் கூடியிருக்கிறதா என்று தெரியும். நாற்றம், சீழ், விளிம்புகளுக்கு இடையில் பிளவு, தொட்டால் சூடு, நாளுக்கு நாள் பரவும் சிவப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருந்தகத்துக்குப் போகவேண்டும். தோலுக்கு அடியில் தண்ணீர் நிரம்பியதுபோல் மென்மையான வீக்கம் வருவதுண்டு. கட்டி இருந்த வெற்றிடத்தில் நீர் சேர்வதால் அது வரும். பெரும்பாலும் தானாக வற்றிவிடும். நீங்களாகக் குத்தி எடுக்கவேண்டாம், படத்தை மருத்துவருக்கு அனுப்புங்கள்.

தேர்வுக் காலத்தில் இதெல்லாம் நடந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். மருந்து நேரத்தை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, கொடுத்தவர் பெயரைக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் தனித்தனியே அன்போடு கொடுத்து இரட்டை அளவாகிப்போவதை அந்தத் தாள் தடுக்கும். அவசரமில்லாத அறுவை சிகிச்சை என்றால் நாளை முடிவு செய்யும்போதே உங்கள் தேர்வு அட்டவணையை மருந்தகத்தில் சொல்லலாம், வெட்கப்படவேண்டியதில்லை. ஆனால் வேகமாக வளரும் கட்டியைத் தேர்வுக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

அறிக்கை வந்தபோது

சுக்குவின் அறிக்கை ஒன்பதாம் நாள் வந்தது. மாஸ்ட் உயிரணுக் கட்டி, ஓரங்களில் மிச்சம் இல்லை என்று எழுதியிருந்தது. அதாவது அது பட்டாணி அளவிலான வெறும் கொழுப்புருண்டை அல்ல. அம்மா அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பரிசோதனை எதற்கு என்ற கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

பெயரைக் கேட்டதும் இணையத்தில் தேடிக் கலங்கவேண்டாம். நாய்களில் இதே பெயருடைய கட்டி கடுமையானதாக இருக்கக்கூடும். தேடலில் வருவதெல்லாம் பெரும்பாலும் அதுதான். பூனையின் தோலில் ஒற்றையாக வருவது பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வந்தால் மண்ணீரல் போன்ற உள்ளுறுப்புகளையும் மருத்துவர் பார்க்கச் சொல்வார். அறிக்கையின் ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருந்தகத்துக்குப் போக நேர்ந்தால் உதவும்.

தையல் பிரிக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும், அதற்கு மயக்க மருந்தும் பெரும்பாலும் தேவையில்லை. தானாகக் கரையும் தையல் என்றாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகே கோனைக் கழற்றுங்கள். முடி மழித்த இடம் மூட வாரங்கள் ஆகும், சில பூனைகளுக்கு மாதங்களும் ஆகும். சயாமியப் பூனை வைத்திருப்பவர்கள் ஒரு வேடிக்கையைக் காணலாம். அதன் நிறத்தை உருவாக்கும் நொதி, குளிர்ந்த தோலில்தான் நன்றாக வேலை செய்யும். மழித்த இடம் குளிர்ச்சியாக இருப்பதால் அங்கே முளைக்கும் முடி கறுப்பாக வரலாம். அடுத்த முறை முடி உதிர்ந்து முளைக்கும்போது பழைய நிறம் திரும்பும்.

இனி மாதம் ஒருமுறை, முடி சீவும் சாக்கில், தலையிலிருந்து வால்வரை விரலால் தடவிப் பாருங்கள். தாடைக்கு அடியிலும், அக்குளிலும், வயிற்றிலும் மறக்காமல். தடுப்பூசி போட்ட இடத்தில் சிறு வீக்கம் வருவது வழக்கம்தான். அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஊசி போட்டு ஒரு மாதம் ஆன பிறகும் வளர்ந்துகொண்டே இருந்தாலோ கால்நடை மருத்துவர்கள் அதைச் சோதிக்கச் சொல்வார்கள். எதையாவது கண்டால் தேதி, இடம், அளவு மூன்றையும் கைப்பேசியில் குறித்துவிடுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, “இது எப்போதிலிருந்து இருக்கிறது?” என்பதாகத்தான் இருக்கும்.